காளவாயில் பட்ட கடன்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே, புறக்கடையில் பெரியதொரு மண்தொட்டியை நிறுத்தி, கூடையில் வந்திறங்கிய கற்சுண்ணாம்பை அதில் கொட்டி, கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த குளிர்ந்த நீரைக் குடம் குடமாகப் பெரியவர்கள் அதன்மேல் வார்க்கும் அந்தக் காலைப் பொழுதில், சிறுவர்களாகிய நாங்கள் பத்தடி தூரத்துக்கு அப்பால் நிற்கவேண்டும் என்பது எங்கள் வீட்டில் மீற முடியாத கட்டளை. நீர் பட்ட கல் சிறிது நேரம் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். பிறகு மெல்லச் சீறும். பின்னர் வெடித்துப் பொரிந்து, வெண்ணிற ஆவியைக் கக்கி, தொட்டி முழுவதும் உலைபோலத் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். அடியில் விறகு இல்லை. தீக்குச்சி கிழித்தவர் எவரும் இல்லை. குளிர்ந்த கல்லும் குளிர்ந்த நீரும் சேர்ந்த மாத்திரத்தில் இத்தனை உஷ்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டபோது, என் பாட்டி, மடியில் வைத்திருந்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "காளவாய் நெருப்பு கல்லுக்குள்ளே தூங்கிக்கிட்டு இருக்குடா, தண்ணி பட்டா முழிச்சுக்கும்" என்று சொன்னாள்.

எழுத்தறியாத அந்த அம்மையாரின் வாக்கு, கவிதை நயத்துக்காகச் சொல்லப்பட்டதன்று, கிலோ ஜூல் கணக்கில் தசம ஸ்தானம் வரை நிரூபித்துக் காட்டக்கூடிய உண்மை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரி ரசாயன வகுப்பில் நான் அறிந்துகொண்டேன். அன்று எனக்கு உண்டான ஆனந்தம் இன்றளவும் குறையவில்லை. ரசாயன மாற்றங்களில் வெப்பத்தைக் கணக்கிடும் சாஸ்திரத்தைப் பரீட்சைக்குரிய சூத்திரங்களாக மட்டும் மனனம் செய்து மறந்துவிட்ட வாசகர்கள், அதனை அந்தச் சுண்ணாம்புத் தொட்டியின் கரையில் நின்று மறுபடியும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம்.

ரசாயன மாற்றம் எதுவாயினும், அதில் பதார்த்தங்கள் உருமாறும்போது சக்தியும் கூடவே கைமாறுகிறது. விறகு எரிகையில் வெப்பம் வெளியே பாய்கிறது. நவச்சாரத்தை நீரில் கரைத்தாலோ, பாத்திரம் கைக்குச் சில்லிடுகிறது, ஏனெனில் கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை அது நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை வெளியிடுவன வெப்ப உமிழ் வினைகள் என்றும், வெப்பத்தை உட்கொள்வன வெப்பம் கொள் வினைகள் என்றும் பெயர் பெறும். நம் வீட்டுத் தொட்டியைப்போல வாய் திறந்து, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு உட்பட்டு நிற்கும் பாத்திரத்தில் ஒரு வினை நிகழுமாயின், அப்போது வரும் அல்லது போகும் வெப்பம், அந்தப் பதார்த்தங்களுக்குள் உறையும் ஒரு குணத்தின் ஏற்றத்தாழ்வுக்குச் சரியாக இருக்கும். அந்தக் குணத்துக்குத்தான் கிரேக்க வேரிலிருந்து என்தால்பி என்று பெயரிட்டார்கள். உள்ளே சூடேற்றுதல் என்ற பொருளுடைய அச்சொல்லை வழங்கியவர் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் 1908-இல் ஹீலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கிக் காட்டிய காமர்லிங் ஓனஸ் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் என்தால்பி என்ற சொல்லையே அப்படியே எடுத்துக்கொண்டன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வெப்பவுள்ளுறை என்று வழங்குகின்றன. பொருளைத் தானே விளக்கிக்கொண்டு நிற்பதால் இலங்கையார் சொல்லையே நான் இங்கு மேற்கொள்கிறேன்.

வெப்பவுள்ளுறை என்பது வெப்பம் மாத்திரமன்று. ஒரு பதார்த்தத்தின் அணுக்களின் அசைவிலும் பிணைப்பிலும் அடங்கிய உட்சக்தியும், அந்தப் பதார்த்தம் இவ்வுலகில் தனக்கென்று ஓர் இடத்தைப் பெறுவதற்காகச் சுற்றியுள்ள காற்றை விலக்கி வைத்திருக்கும் சக்தியும் சேர்ந்த மொத்தமே அது. அந்த மொத்தம் இவ்வளவு என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. சேறு படிந்த ஏரியின் அடியாழம் தெரியாவிட்டாலும், மதகடியில் நட்ட கல்லைப் பார்த்து நீர்மட்டம் எத்தனை அடி ஏறிற்று, எத்தனை அடி இறங்கிற்று என்று சொல்லிவிடுவதுபோல, மாற்றத்தை மட்டுமே அளக்க முடியும். அதுவே நமக்குப் போதும். கணக்கை எப்போதும் பதார்த்தத்தின் தரப்பிலிருந்தே எழுதுவது வழக்கமாதலால், அது வெப்பத்தை இழந்தால் மாற்றம் குறையாகவும், பெற்றால் மிகையாகவும் குறிக்கப்படும். எண்ணிக்கைக்கு மோல் என்பது அலகு: கரியில் 12 கிராம், நீரில் 18 கிராம், சுட்ட சுண்ணாம்பில் 56 கிராம் என்று, ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரே எண்ணிக்கையுள்ள துகள்கள் அடங்கும் நிறையே மோல்.

அளக்கும் விதமோ மிக எளியது. வெப்பம் எளிதில் வெளியேறாத ஒரு கிண்ணத்தில் 200 கிராம் நீரை எடுத்துக்கொண்டு, அதில் 5.6 கிராம், அதாவது ஒரு மோலில் பத்தில் ஒரு பங்கு, நன்கு சுட்ட தூய சுண்ணாம்பைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால், உள்ளிருக்கும் உஷ்ணமானி எட்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறி நிற்கும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 ஜூல் வேண்டும் என்பது தெரிந்த விஷயமாதலால், பெருக்கிப் பார்த்தால், பத்தில் ஒரு மோல் சுண்ணாம்பு ஏறக்குறைய ஆறரைக் கிலோ ஜூல் வெப்பத்தைக் கொடுத்திருக்கிறது என்று விளங்கும். எரிபொருள்களுக்கு இந்தக் கிண்ணம் ஆகாது. அவற்றுக்காகத் தடித்த எஃகுப் பாத்திரத்துக்குள் பிராணவாயுவை அழுத்தி நிரப்பி, நீருக்குள் அமிழ்த்தி, மின்பொறியால் கொளுத்தும் குண்டு கலோரிமானியைப் பாரிஸ் ரசாயன மேதை பெர்தலோ 1881-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். மூடிய குண்டுக்குள் காற்றைத் தள்ளும் வேலைக்கு இடமில்லையாதலால், அங்கே அளக்கப்படுவது உட்சக்தியின் மாற்றம். வாயுக்களின் மோல் எண்ணிக்கை ஒன்று கூடுவதற்கோ குறைவதற்கோ, அறை உஷ்ணத்தில், சுமார் இரண்டரைக் கிலோ ஜூல் திருத்தம் செய்தால் வெப்பவுள்ளுறை கிடைத்துவிடும்.

ஆனால் எல்லா வினைகளையும் கிண்ணத்திலோ குண்டிலோ நிகழ்த்திவிட முடியுமா? காளவாயில் 900 டிகிரியையொட்டிய கொடுஞ்சூட்டில் மணிக்கணக்காக வெந்து கரியமிலவாயுவை விடும் கல்லை எந்தக் கிண்ணத்தில் வைத்து அளப்பது? பூசிய சுவர், காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உறிஞ்சி இறுகும்போது வெளியாகும் வெப்பத்தை எந்த உஷ்ணமானியைக் கொண்டு பார்ப்பது? கரி அரைகுறையாக எரிந்து, நச்சுத்தன்மை வாய்ந்த கார்பன் மோனாக்சைடாக மட்டும் மாறும்படி செய்ய நினைத்தாலோ, ஒரு பகுதி எப்படியும் முற்றும் எரிந்து கரியமிலவாயுவாகிவிடுகிறது. அவ்வினையைத் தனியே பிரித்து அளக்க வழியில்லை. அளக்க முடியாத இவற்றையெல்லாம், அளக்க முடிந்த சிலவற்றைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம் என்று உலகுக்கு வழிகாட்டியவரின் வரலாறு இங்கே சற்று விரிவாகச் சொல்லத்தக்கது.

ஜெர்மேன் ஹென்றி ஹெஸ் 1802-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார். தகப்பனார் ருஷியாவில் ஒரு பிரபுவின் குடும்பத்தில் ஆசிரியராக அமர்ந்தமையால், குழந்தைப் பருவத்திலேயே அந்நாட்டுக்குச் சென்ற ஹெஸ், இன்று எஸ்டோனியாவிலுள்ள தார்த்து என வழங்கும் தோர்பாத் நகரின் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். ஸ்டாக்ஹோமில் பெர்சீலியஸ் என்னும் பெரும் ரசாயன ஆசானை நாடிச் சென்று சில வாரங்கள் அவரருகில் இருந்தார். யூரல் மலைப் பிரதேசத்தின் மண்ணையும் கல்லையும் ஆராயப் போன குழுவில் சேர்ந்தார். சைபீரியாவின் இர்கூட்ஸ்க் நகரில் வைத்தியத் தொழில் நடத்தினார். அந்தக் கடுங்குளிர்ப் பூமியில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்திலும் கனிமங்களையும் ஊற்று நீரையும் சோதித்துக்கொண்டிருந்தவரை, 1830-இல் தலைநகரமாகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் விஞ்ஞான அகாடமி தன்பால் அழைத்துக்கொண்டது. அவர் ருஷிய மொழியில் இயற்றிய ரசாயனப் பாடநூல், ஒரு தலைமுறை முழுவதும் அந்நாட்டு மாணவர்களுக்குக் கைவிளக்காக இருந்தது.

ஹெஸ்ஸின் பேர் சொல்லும் பரிசோதனையில் பொன்னோ வைரமோ இல்லை; கந்தக அமிலமும், நீரும், அம்மோனியாக் கரைசலுமே இருந்தன. கந்தக அமிலத்தை நீரில் கலந்தால் வெப்பம் பிறக்கும். அதனை அம்மோனியாவோடு சேர்த்து நடுநிலையாக்கினாலும் வெப்பம் பிறக்கும். அமிலத்தை நீர் சேர்க்காமல் நேராக அம்மோனியாக் கரைசலோடு சேர்த்தபோது அவர் கையாண்ட அளவின்படி 595.8 பங்கு வெப்பம் வெளிப்பட்டது. முதலில் அமிலத்தோடு ஒரு பங்கு நீரைச் சேர்த்தபோது 77.8 பங்கு வெப்பம் முன்னதாகவே வெளிப்பட்டுவிட்டது. அப்படி நீர்த்த அமிலத்தைப் பிறகு அம்மோனியாவோடு சேர்த்தபோது வந்ததோ 518.9 மாத்திரமே, இரண்டையும் கூட்டினால் 596.7. இன்னும் நீரைச் சேர்த்தார். முதற்படியில் வெப்பம் மிகுந்தது, இரண்டாம் படியில் அந்த அளவுக்கே குறைந்தது, கூட்டுத்தொகை மட்டும் நூற்றுக்கு ஒன்று என்ற சிறு பிசகுக்குள் அசையாமல் நின்றது. 1840-ஆம் ஆண்டு ஹெஸ் இதை வெளியிட்டார்: தொடக்கப் பொருள்களும் முடிவுப் பொருள்களும் ஒன்றேயாயின், இடையில் எத்தனை படிகள் இருந்தாலும், எந்த வழியாகச் சென்றாலும், மொத்த வெப்பம் மாறாது.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. மூலகங்கள் முழு எண் மடங்குகளில் கூடுவதுபோல வெப்பமும் முழு எண் மடங்குகளில்தான் வெளிப்படும் என்ற வேறோர் எண்ணத்தை நிலைநாட்டவே ஹெஸ் இந்த எண்களைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த எண்ணம் காலத்தின் சோதனையில் நிலைக்கவில்லை. அதைத் தேடிப்போன வழியில், அட்டவணையின் கடைசி வரிசையில் கிடந்த கூட்டுத்தொகை கண்ணில் பட்டு, அதன் முக்கியத்துவத்தை உணர்ந்துகொள்ளும் நிதானம் அவருக்கு இருந்தமையால் அல்லவா அவர் பெயர் இன்று பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வழங்குகிறது! சக்தி அழிவதில்லை, உருமாத்திரமே மாறுகிறது என்ற பெருநியதியை மாயர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் பிரசுரித்தது 1842-இல். ஹெஸ் அதற்கு இரண்டாண்டு முந்தியவர். பேரரண்மனை எழும்பு முன்னரே அதன் ஒரு தூணைத் தனியே நிறுத்திவிட்டு, 1850-இல், நாற்பத்தெட்டே வயதில் அவர் காலமானார்.

இனி, கரி மோனாக்சைடாகும் அந்த அளக்க முடியாத வினையைப் பார்ப்போம். ஒரு மோல் கரி முற்றும் எரிந்து கரியமிலவாயுவானால் 393.5 கிலோ ஜூல் வெளிப்படும், இது அளந்தறிந்தது. ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு எரிந்து கரியமிலவாயுவானால் 283.0 வெளிப்படும், இதுவும் அளந்தறிந்தது. கரி முதலில் மோனாக்சைடாகி, பிறகு கரியமிலவாயுவாகிறது என்று வைத்துக்கொண்டால், இரு படிகளின் கூட்டுத்தொகை 393.5 ஆகத்தானே வேண்டும்? ஆகவே முதற்படியின் பங்கு 110.5. எவரும் தனியே அளந்திராத வெப்பம், ஒரு கழித்தற் கணக்கில் கைக்கு வந்துவிட்டது. அவ்வாறே, ஒரு மோல் பென்சிற்கரி எரிந்தால் 393.5, ஒரு மோல் வைரம் எரிந்தால் 395.4, ஆதலால் பென்சிற்கரி வைரமாக மாறுவதற்கு வேண்டிய வெப்பம் 1.9 கிலோ ஜூல். பூமியின் ஆழத்தில் நிகழும் அந்த மாற்றத்தை, இரண்டையும் சாம்பலின்றி எரித்தே கணக்கிட்டுவிட்டோம்.

வழி மாறினாலும் வெப்பம் மாறாமைக்குக் காரணம் என்ன? பழனி மலைக்குப் படிவழியாக ஏறுவோரும் உண்டு. சுற்றிச் செல்லும் யானைப்பாதையில் ஏறுவோரும் உண்டு. நடந்த தூரமும் சிந்திய வியர்வையும் அவரவர் வழிக்கேற்ப வேறுபடும்; அடிவாரத்துக்கும் சந்நிதிக்கும் இடையிலுள்ள உயரம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. வெப்பவுள்ளுறை உயரத்தைப் போன்றது. நிலையைப் பொறுத்தது, வழியைப் பொறுத்ததன்று. வெப்பமோ இயல்பில் வியர்வையைப் போன்றதுதான். எந்த வழியில் வந்தது என்று கேட்டுத்தான் அதன் அளவைச் சொல்ல முடியும். ஆனால் அழுத்தம் மாறாதிருந்து, காற்றைத் தள்ளுவதைத் தவிர வேறு வேலை எதுவும் நடைபெறாதிருக்கையில் மட்டும், அந்த வெப்பம் வெப்பவுள்ளுறையின் மாற்றத்தோடு அப்படியே ஒன்றிவிடுகிறது. ஹெஸ்ஸின் பாத்திரங்கள் வாய் திறந்து வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருந்தன. அதனால்தான் நியதி அவருக்குத் தரிசனம் தந்தது.

ஒவ்வொரு வினைக்கும் இப்படித் தனித்தனியே படிகளைத் தேடிக் கட்டிக்கொண்டிராமல், ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் அடக்கும் உபாயம் ஒன்று பிற்காலத்தில் வந்தது. எந்தப் பதார்த்தத்தையும், அதன் மூலகங்கள் தம் இயல்பான உருவில் கூடி உண்டாக்குவதாகக் கற்பித்து, அப்போது நேரும் மாற்றத்தை உருவாதல் வெப்பவுள்ளுறை என்று குறித்து வைத்தார்கள். இயல்பான உருவிலுள்ள மூலகங்களுக்கு அது சுழி. 25 டிகிரி உஷ்ணத்தில், மோலுக்குக் கிலோ ஜூல் கணக்கில், சுண்ணாம்புக் கல்லுக்கு அது குறை 1206.9, சுட்ட சுண்ணாம்புக்குக் குறை 635.1, நீற்றிய சுண்ணாம்புக்குக் குறை 986.1, கரியமிலவாயுவுக்குக் குறை 393.5, நீருக்குக் குறை 285.8. பிறகு செய்யவேண்டியது ஒன்றே: முடிவுப் பொருள்களின் தொகையிலிருந்து தொடக்கப் பொருள்களின் தொகையைக் கழிக்கவேண்டும். மாணவர்கள் பலர் இவ்விடத்தில்தான் குறியைத் தவறவிட்டு, கொதிக்கும் தொட்டியைக் குளிரச் செய்துவிடுகிறார்கள். கழிக்கும் எண்ணே குறையாக இருக்கையில் அது கூட்டலாகிவிடும் என்பதை நினைவில் நிறுத்தினால் தடுமாற்றம் வராது.

இந்த ஐந்து எண்களை வைத்துக்கொண்டு பாட்டியின் வாக்கைச் சோதித்துப் பார்ப்போம். காளவாயில் சுண்ணாம்புக் கல், சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிகிறது: 635.1-ம் 393.5-ம் சேர்ந்து குறை 1028.6, இதிலிருந்து குறை 1206.9-ஐக் கழித்தால் மிகை 178.3. அதாவது ஒவ்வொரு மோல் கல்லும் காளவாயின் நெருப்பிலிருந்து 178.3 கிலோ ஜூலை வாங்கிக்கொள்கிறது. பொங்கலுக்கு முந்திய அந்தக் காலையில் தொட்டியில் நீரூற்றி நீற்றும்போது, குறை 986.1-இலிருந்து, சுண்ணாம்பும் நீரும் சேர்ந்த குறை 920.9-ஐக் கழிக்க, குறை 65.2, கிண்ணத்து உஷ்ணமானி பத்தில் ஒரு மோலுக்குக் காட்டிய அந்த ஆறரையின் பத்து மடங்கு. பின்னர் அந்தச் சுண்ணாம்பு சுவரில் ஏறி, காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, நீரை விட்டுவிட்டு, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிறது: கல்லும் நீரும் சேர்ந்து குறை 1492.7; அதிலிருந்து, நீற்றிய சுண்ணாம்பும் கரியமிலவாயுவும் சேர்ந்த குறை 1379.6-ஐக் கழித்தால், குறை 113.1.

இப்போது ஐந்தொகை போடுங்கள். காளவாயில் வாங்கியது 178.3. தொட்டியில் திருப்பியது 65.2. சுவரில் திருப்பியது 113.1. இரண்டும் கூடினால் 178.3. ஒரு தசமம் மிச்சமில்லை, ஒரு தசமம் பாக்கியில்லை. கல்லாகப் புறப்பட்டுக் கல்லாகவே திரும்பிய பயணமாதலால், ஹெஸ்ஸின் நியதிப்படி மொத்த மாற்றம் சுழியாகத்தான் இருந்தாகவேண்டும், இருக்கிறது. தூங்குவது நெருப்பன்று, கரியமிலவாயுவைப் பிரித்து ஓட்டுவதற்கு நெருப்பு செலவிட்ட சக்தி என்று ஒரு சிறு திருத்தம் செய்துகொண்டால், பாட்டி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அவள் அறியாதது ஒன்றுதான்: தொட்டியில் விழித்துக்கொண்டது, தூங்கியதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், பெரும்பகுதி அப்போதும் விழிக்கவில்லை.

அந்தச் சிறு பகுதியின் வலிமையைப் பாருங்கள். ஒரு கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு நீறுகையில் சுமார் 1,160 கிலோ ஜூல் வெளிப்படும். வீணாகாமல் பிடித்துக்கொள்ள முடிந்தால், 30 டிகிரியில் உள்ள ஏறக்குறைய நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எங்களைப் பத்தடிக்கு அப்பால் நிறுத்திய பெரியவர்களின் எச்சரிக்கை நியாயமானதே. கொதிக்கும் காரச் சேறு கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடக்கூடும். காளவாய்ப் பக்கத்துக் கணக்கும் சுவையானது. ஒரு கிலோ கல் பிரிவதற்கு 1,783 கிலோ ஜூல் வேண்டும். ஒரு கிராம் தூய கரி 32.8 கிலோ ஜூல் தருவதால், ஏட்டுக் கணக்குப்படி 54 கிராம் கரி போதும். காளவாய்க்காரர் எவரும் இதைக் கேட்டு நம்பமாட்டார். கல்லை அத்தனை சூட்டுக்கு ஏற்றுவதற்கும், புகையோடும் சுவரின் வழியாகவும் கசிந்து போவதற்கும் அவர் இதைப்போலப் பல மடங்கு எரிக்கவேண்டியிருக்கிறது. மேலும் 25 டிகிரிக்குரிய எண்கள் 900 டிகிரியில் அப்படியே பொருந்துவதில்லை, சற்று மாறும். அந்த மாற்றத்தைப் பதார்த்தங்களின் வெப்ப ஏற்புத்திறனைக் கொண்டு கணக்கிடும் முறையை 1858-இல் கிர்க்காஃப் வகுத்துக் கொடுத்தார்.

ஒரு பிழையான சித்தாந்தத்தையும் இங்கே சுட்டாமல் விட முடியவில்லை. கோபன்ஹேகனில் யூலியஸ் தாம்சனும் பாரிஸில் பெர்தலோவும் ஆயிரக்கணக்கான அளவைகளைத் தம் வாழ்நாள் முழுவதும் பொறுமையாகச் செய்து, இன்றைய அட்டவணைகளுக்கு அஸ்திவாரமிட்டவர்கள். அத்தகையோரே, ஒரு வினை தானாக நிகழுமா நிகழாதா என்பதை அது வெளியிடும் வெப்பமே தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நவச்சாரம் கரையும்போது வெப்பத்தை விழுங்கிக்கொண்டே தானாகக் கரைவதும், காளவாயில் கல் வெப்பத்தை விழுங்கிக்கொண்டே பிரிவதும் அந்த நம்பிக்கைக்கு முரணானவை. எவ்வளவு வெப்பம் என்ற கேள்விக்கு வெப்பவுள்ளுறை பதில் சொல்லும். நடக்குமா என்ற கேள்விக்கு அது ஒன்றே பதில் சொல்லாது. சிறைப்பட்டிருந்த கரியமிலவாயு விடுபட்டு வெளியெங்கும் பரவுகிற அந்தச் சிதறலுக்கும் கணக்கில் இடம் உண்டு. அது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம்.

பிணைப்பு ஆற்றல்களைக் கொண்டு கணக்கிடும் மற்றொரு முறையும் உண்டு. பழைய பிணைப்புகளை முறிக்க வெப்பம் செலவாகிறது, புதிய பிணைப்புகள் உண்டாகையில் வெப்பம் வரவாகிறது என்பதே அதன் அடிப்படை. மீத்தேன் எரிவதில் முறிப்பதற்கு 2,648 செலவு, கட்டுவதால் 3,450 வரவு. மிச்சம் 802 கிலோ ஜூல், நீர் ஆவியாகவே வெளியேறுமாயின் அளந்தறிந்த மதிப்பும் அதுவே. எல்லாச் சேர்மங்களுக்கும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. பிணைப்பு ஆற்றல்கள் பல சேர்மங்களின் சராசரியாதலால், அட்டவணை கிடைக்காத இடத்தில் மட்டுமே இம்முறையை நாடுவது நல்லது.

லவாய்ஸியேயும் லாப்லாஸும் 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில், பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை விட்டு, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்துப் பார்த்து, மூச்சுவிடுதலும் மெதுவான எரிதலே என்று துணிந்தார்கள். அந்தத் துணிபுக்கு ஹெஸ்ஸின் நியதி பிற்காலத்தில் உறுதி தந்தது. நாம் உண்ணும் சோற்றின் மாவு குளுக்கோஸாகி, உடலுக்குள் பல படிகளைக் கடந்து, ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாகச் சக்தியைக் கொடுத்துக் கடைசியில் கரியமிலவாயுவும் நீருமாகிறது. அதே குளுக்கோஸைக் குண்டு கலோரிமானியில் ஒரே கணத்தில் கொளுத்தினாலும் மோலுக்கு 2,803 கிலோ ஜூல்தான், கிராமுக்குச் சுமார் 3.7 கிலோ கலோரிதான். உணவுப் பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் கலோரிக் கணக்கை நாம் நம்பி வாங்குவது, கந்தக அமிலத்தில் நீர் ஊற்றிக் கூட்டிப் பார்த்த ஹெஸ்ஸை நம்பியே.

எங்கள் பழைய வீட்டின் கூடத்துச் சுவர் இரண்டடிக் கனம். செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்துக் கட்டியது. அத்தகைய கனத்த சுவரில் வெளிப்புறம் முதலில் கல்லாகிறது. கரியமிலவாயு அந்தத் தோலைக் கடந்து உள்ளே புகுவது மிக மெதுவாக நடப்பதால், நடுப்பகுதிச் சாந்து முற்றும் கல்லாவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். தன்னைச் சுட்ட காளவாய் அணைந்து, அந்தக் காளவாய்க்காரரும் மறைந்து, தொட்டியருகில் வெற்றிலை துடைத்த பாட்டியும் மறைந்த பிறகும், அந்தச் சாந்து மோலுக்கு 113.1 கிலோ ஜூல் என்ற வீதத்தில், எந்த உள்ளங்கையும் உணர முடியாத அத்தனை மெதுவாக, வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.